உரிமையாளர் பெயர்: சென்னியப்பன்

அந்தக் கட்டத்தில் ‘சென்னியப்பன்’ என்று அடித்தது நான்தான். வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று பயன்படுத்துபவர், இன்னொன்று உரிமையாளர். பயன்படுத்துபவர் கலாமணி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பக்கவாதம் வந்து பேச்சுப் போனது அவருக்குத்தான். அவருக்காகப் பேசும் குரல்பட்டையை மாட்டப்போவதும் அவர் கழுத்தில்தான். உரிமையாளர் யார் என்று நான் கேட்டபோது, அது ஒரு கேள்வியாகவே யாருக்கும் படவில்லை.

“என்ற பேர்லயே போட்ருங் தம்பி. வீடு, காடு, காரு, கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் என்ற பேர்லதானே இருக்குது” என்றார் அவர் கணவர் சென்னியப்பன். கலாமணியம்மா தலையாட்டினார். நானும் அவர் பெயரையே தட்டிவிட்டேன்.

கோபியில் வீட்டுக் கருவிக் கடை போட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. நான் விற்ற கருவிகளில் பெண்கள் பெயரில் பதிவானவை நாலோ ஐந்தோதான் இருக்கும். அதிலும் இரண்டு பேர் கணவரை இழந்தவர்கள். வீட்டுக்காரர் இருக்கும்போது வீட்டம்மா பெயரில் ஃபிரிட்ஜைக்கூடப் பதிகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. என் மனைவி தினமும் அரைக்கிற மிக்ஸி என் பெயரில்தான் இருக்கிறது. எனக்கு அதில் சட்னி அரைக்கக்கூடத் தெரியாது.

மிக்ஸிக்குப் பெயர் எதற்கு என்று கேட்கிற வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். மிக்ஸி, ஃபேன், கைக்கடிகாரம் எல்லாவற்றுக்கும் மூளை வைத்த புதிதில், அவை வீட்டில் கேட்டதையெல்லாம் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. கம்பெனி அதை விற்றது. ஒரு பெண் சமையலறையில் தனியாகப் புலம்பியதெல்லாம் குடும்பநல நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நின்றது. ஊர் கொந்தளித்தது. ஊர்வலம் போனோம், நானும் போனேன். அதன் பிறகு வந்ததுதான் அந்தரங்கச் சட்டம்.

சட்டம் நல்ல சட்டம். கருவி கற்றுக்கொள்வது கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே ஒரு எழுத்துப் போகக் கூடாது. உரிமையாளரின் விரல் பட்டால்தான் அது திறக்கும். அவர் விரல் பட்டால்தான் எதையும் கற்கும், எதையும் மாற்றும். முப்பது நாளுக்கு ஒரு முறை அவர் விரல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், கருவி திருடு போய்விட்டது அல்லது ஆள் இல்லை என்று அர்த்தம். உள்ளே இருப்பதையெல்லாம் அதுவே அழித்துக்கொள்ளும். “நானும் திறக்க முடியாதுங்க, கம்பெனிக்காரனும் திறக்க முடியாதுங்க, கலெக்டரே வந்தாலும் முடியாதுங்க” என்று சொல்லித்தான் நான் வியாபாரம் செய்தேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

கலாமணியம்மாவுக்குப் பட்டை மாட்டியது ஆறு வருடத்துக்கு முன்பு. பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோயிருந்தது. எழுத்தும் போய்விட்டது. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும், வாய்க்கு வராது. வாயைத் திறந்தால் “அது... அது...” என்பது மட்டும்தான். பட்டை தொண்டையின் அசைவைப் பார்க்கும். எதிரில் யார் நிற்கிறார், மணி என்ன, அடுப்பில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு, இதைத்தான் சொல்ல வருகிறார் என்று ஒரு வாக்கியத்தை ஊகித்துப் பேசும். அவருடைய குரலிலேயே பேசும். நோய்க்கு முன்பு தன் அக்காவுக்கு அவர் அனுப்பிய நானூறு வாய்ஸ் மெசேஜ்களை ஒரு பழைய போனிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். குரலும் பேச்சு நடையும் வீட்டு ஆட்களின் பெயர்களும் அதற்கு அப்படித்தான் தெரியவந்தன.

முதல் இரண்டு வருடம் ஊகம் பாதிக்குப் பாதி தப்பாக இருக்கும். அதற்குத்தான் பட்டையின் ஓரத்தில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பொத்தான்கள். பேசியது சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. அமுக்குவதும் உரிமையாளர் விரலாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கி எதையாவது பழக்கிவிடக் கூடாதல்லவா?

சென்னியப்பன் இரண்டு வருடம் மனைவி பக்கத்திலிருந்து நகரவில்லை. காட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை அமுக்கிக்கொண்டே இருப்பார். “காபி வேணும்” என்று பட்டை சொன்னால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், பச்சையை அமுக்குவார். “சீரியல் போடுங்க” என்றால் மறுபடி முகத்தைப் பார்ப்பார். கொளப்பலூர்ப் பக்கம் அவரைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் மனைவியே என்னைக் குத்திக்காட்டியிருக்கிறாள். அவர் தங்கமான மனிதர் என்றுதான் நானும் நினைத்தேன். பெரும்பாலான விஷயங்களில் அவர் தங்கம்தான்.

போன வைகாசியில் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து போய்விட்டார். நான் எழவுக்குப் போயிருந்தேன். கலாமணியம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் பட்டை “வாங்க, உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் மகன் தரணிதரன் என் கடைக்கு வந்தான். ஜெர்மனியில் இருக்கிறான். சாவுக்காக ஓடிவந்தவனுக்குக் கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

“அண்ணா, அம்மா பட்டைல ஒரு எழுத்து ஓடுது. உரிமையாளர் விரல் வைக்க ஒன்பது நாள் பாக்கின்னு. வெக்காட்டி என்னங்க ஆவும்?”

நான் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான்.

“நான் ஒரு காரியம் பண்ணிட்டேங்ணா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. அப்பாவக் குளிப்பாட்டறப்ப, பட்டையக் கொண்டுபோயி அவரு விரலை வெச்சுப் பாத்தேன். எடுக்கலை.”

“நாடி துடிக்கணும் தரணி. செத்த விரலை எடுக்காது. அப்படியெல்லாம் யாராவது பண்ணுவாங்கன்னுதான் அதை வெச்சிருக்கறாங்க.”

“நான் பண்ணினது திருட்டா?”

“இல்ல சாமி. நீ பண்ணினது திருட்டு இல்ல.”

பெங்களூரில் கம்பெனியின் உதவி மையத்தில் ரேணுகா என்று ஒரு பெண் இருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர். எனக்குப் பத்து வருடப் பழக்கம். அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். முழுக்கக் கேட்டார்.

“சார், பயன்படுத்தறவங்க பேர்லயே உரிமையாளரைப் போட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை.”

“தெரியுதுங்க. தப்புப் பண்ணிட்டேன். இப்ப மாத்த வழி சொல்லுங்க.”

“மாத்தணும்னா பழைய உரிமையாளர் உயிரோட இருந்து விரல் வெக்கணும்.”

தரணி பொறுக்காமல் குறுக்கே வந்தான். “மேடம், அவங்க திருடி இல்லை. அது அவங்க கழுத்துல இருக்கு. அது போனா அவங்களுக்குப் பேச்சு இல்லை. உங்களுக்கு மனசாட்சி வேண்டாமா?”

“என் மனசாட்சியால அதைத் திறக்க முடிஞ்சா இப்பவே திறந்துருவேன் தம்பி. திறக்கறதுக்கு ஒரு சாவி செஞ்சா, அது உங்கம்மாவுக்கும் உதவும், நாளைக்கு ஒரு அயோக்கியனுக்கும் உதவும். அதனால சாவியே செய்யலை. இங்க நாங்க எத்தனை பேர் அழுதாலும் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை.”

“வேற வழியே இல்லீங்களா?” என்றேன்.

“புதுசு ஒண்ணு மாட்டுங்க. அவங்க பேர்லயே பதிங்க. மறுபடி முதல்ல இருந்து பழகணும்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஒண்ணு மட்டும் சொல்லி வெக்கறேன். நேரம் முடிஞ்சதும் டக்குன்னு எல்லாம் போயிராது. உரிமையாளர் சம்பந்தப்பட்டது முதல்ல அழியும். அவர் போட்ட திருத்தம், தடை எல்லாம். அப்புறம்தான் அம்மாவோட பேச்சுப் பதிவு அழியும். அதுக்கு ஒரு நாப்பது நிமிஷம் ஆகும். அந்த நாப்பது நிமிஷம் பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பயந்துராதீங்க” என்றார்.

கடையிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கலாமணியம்மாவின் இடது கைப் பெருவிரலை வைத்து அவர் பெயரிலேயே பதிந்தேன். ஆனால் அது பச்சைக் குழந்தை. அவருடைய அக்காவும் இப்போது உயிரோடு இல்லை, அந்தப் பழைய போனும் எப்போதோ உடைந்துவிட்டது. யார் பெயரும் அதற்குத் தெரியாது. தண்ணீர் என்று அவர் சொல்ல வந்தால் “மழை வருதா?” என்று கேட்டது. தரணி பக்கத்தில் உட்கார்ந்து, பச்சையா சிவப்பா என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தான். அம்மாவின் முகத்தைப் படிக்க அவனுக்குத் தெரியவில்லை. பத்து வருடமாக வீடியோவில் மட்டும் பார்த்த முகம். அரை மணி நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அதைக் கழற்றிப் பழையதையே மாட்டிவிட்டேன்.

ஒன்பது நாளும் தினமும் போய்வந்தேன். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுப் போவேன். செய்த தப்புக்கு வேறு எப்படி ஈடு கட்டுவது?

எங்களுக்கு இருந்த யோசனை ஒன்றுதான். பேச்சு இருக்கும்போதே அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். தரணி போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பான். “அம்மா, மனசுல என்ன இருக்குதோ சொல்லும்மா. எதுன்னாலும் சொல்லு” என்பான். அம்மாவின் தொண்டை அசையும். பட்டை கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு, “நான் நல்லா இருக்கறேன் கண்ணு. நீ சாப்டியா?” என்று கேட்கும்.

மறுபடி கேட்பான். மறுபடி தொண்டை அசையும். “ஊர்ல குளுரு எப்படி? ஸ்வெட்டர் போட்டுக்க” என்று வரும்.

எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. இருக்கிற ஒன்பது நாளையும் இந்த அம்மா சாப்பிட்டாயா, குளிருகிறதா என்றே செலவழிக்கிறாரே என்று. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் “காபி குடிச்சுட்டுப் போங்க”, “புள்ளைங்க படிக்குதா?” என்று அழகாகப் பேசினார். அவர்கள் வெளியே வந்து, என்ன தைரியம் பாருங்கள் என்று மெச்சினார்கள். ஏழாம் நாளோ என்னவோ, யாரும் இல்லாதபோது, இடது கையால் பட்டையை ஓங்கி ஓங்கி அடித்தார். கழுத்துச் சிவந்துவிட்டது. புருஷன் போன வேதனை என்று நினைத்து, நானும் தரணியும் கையைப் பிடித்துக்கொண்டோம்.

கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபதுக்குக் கெடு. உறவுக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். கூடத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் தரணி தரையில். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். மேஜையில் அவன் போனை நிமிர்த்தி வைத்திருந்தான். வெயில் உள்ளே வந்து விழுந்திருந்தது. அடுப்பில் தரணி வைத்த பருப்பு வெந்துகொண்டிருந்தது.

பத்து இருபதுக்குப் பட்டையின் சின்னத் திரையில் ‘உரிமையாளர் தகவல் நீக்கப்படுகிறது’ என்று வந்தது. இரண்டு நிமிடத்தில் அது மறைந்தது. அடுத்ததாக ‘பயன்படுத்துபவர் தகவல் நீக்கப்படுகிறது’ என்று வந்து, பக்கத்தில் முப்பத்தெட்டு என்ற எண் நின்றது.

“அம்மா” என்றான் தரணி. “ஏதாச்சும் பேசும்மா.”

தொண்டை அசைந்தது. பட்டை சும்மா இருக்கவில்லை. உடனே பேசியது.

“இலக்கியா எங்கே?”

கலாமணியம்மா திடுக்கிட்டு இடது கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொண்டை அசைந்தது. “இலக்கியா எங்கடா? இலக்கியா எங்கே? எங்கடா என்ற புள்ள?” சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. ரேணுகா சொன்ன மாதிரி முன்னே பின்னே இல்லை. ஆறு வருடத்தில் அந்தப் பட்டை அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தரணியின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெயரை நானும் கேட்டிருக்கிறேன். எங்கே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. நாலு வருடத்துக்கு முன்பு சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “ஒரு வாரமா பட்டை சும்மா சும்மா ஒரே பேரைச் சொல்லுதுங் தம்பி. இலக்கியா எங்கே, இலக்கியா எங்கேன்னு. எத்தனை தடவை சிவப்பை அமுக்குனாலும் மறுபடி சொல்லுது.”

“யாருங்க அது?” என்று கேட்டேன்.

“முன்ன பக்கத்து வீட்ல இருந்த புள்ள. எப்பவோ குடி மாறிப் போயிட்டாங்க. இவளுக்கு நோவு வந்தப்பறம் மூளை கொழம்பிப் போச்சு, அதையே கேட்டுட்டு இருக்கறா.”

நம்பினேன். அவ்வளவு பாடுபட்டுப் பார்த்துக்கொள்கிற மனிதரை நம்பாமல் என்ன? “ரொம்ப சுலபம்ங்க. சிவப்பைப் பத்து எண்ற வரைக்கும் அமுக்கிப் புடிச்சீங்கன்னா அந்தப் பேருக்கே தடை விழுந்துரும். பேரும் வராது, அதைச் சுத்தி வர்ற கேள்வியும் வராது” என்று அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டிக்கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாமணியம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். “பாருங், இப்படித்தான்” என்றார் சென்னியப்பன். அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார். “எல்லாஞ் சரியாயிரும்மா” என்று சொல்லி, அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டேன். காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. கலாமணியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஏம்மா” என்று தரணி குரல் உடைந்து கேட்டான். “இத்தனை வருசம் நீ கேக்கவே இல்லியே?”

“கேட்டேன். தினமும் கேட்டேன். உன்கிட்ட வீடியோல கேட்டேன். இது பேசலை. உங்கப்பன் பேச உடலை.” எண் முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. “அவ எங்கே? எட்டு வருசம் ஆச்சு. புடிச்சவனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாள்னு, பெத்த மகளை உங்கப்பன் தலை முழுகிட்டாரு. நான் முழுகலை. மத்தியானம் அவுரு காட்டுக்குப் போனதும் போன்ல பேசுவேன். நோவு வந்துருச்சு, வாய் போச்சு. அவளைக் கூப்புடு. அவகிட்ட நான் பேசோணும்.”

தரணி என்னைப் பார்த்தான். எதற்கு என்னைப் பார்த்தானோ. 

“கூப்புடுடா. நேரம் ஆவுது.”

அவன் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டான். அங்கிருந்தே சொன்னான். “அவ இல்லம்மா.”

“எங்கே போனா?”

“ஓசூர்ல... டெங்கு வந்துச்சும்மா. நாலே நாள்தான். ரெண்டு வருசம் ஆச்சு. மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணுனாரு. நான் அப்பாகிட்டச் சொன்னேன். அம்மாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். ‘உங்கம்மா ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை, கேக்காதவகிட்டப் போயி எதுக்குச் சொல்றே’ன்னாரு. எனக்கும் அது சரின்னு பட்டுதும்மா. நீ கேட்டதே இல்லையேம்மா.”

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து கருகுகிற வாசனை வந்தது. நான் போய் அணைத்துவிட்டு வந்தேன். கூடத்தில் யாரும் அசைந்திருக்கவில்லை.

“அவ என்னையக் கேட்டாளா?” என்றது பட்டை. குரல் தேய்ந்திருந்தது.

“கேட்டாம்மா. உனக்குப் பேச்சு வந்துருச்சுன்னு தெரிஞ்சதும் எனக்குப் போன் பண்ணுனா. அப்பறம் மாசம் ஒருக்கா பண்ணுவா. ‘அம்மா என்னையக் கேட்டுச்சா’ன்னு அதைத்தான் மொதல்ல கேப்பா.”

“நீ என்ன சொன்னே?”

அவன் தோள் குலுங்கியது.

“என்னடா சொன்னே?”

“இல்லேன்னு சொன்னேம்மா. பொய் சொல்லலீம்மா. எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன். நீ கேக்கலைன்னு சொன்னேன்.”

கலாமணியம்மா அவன் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவனைக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கையை எடுக்கவேயில்லை. வெகுநேரம் கழித்து முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். எண் பதினைந்தில் இருந்தது.

“தம்பி.”

“சொல்லுங்கம்மா.”

“அன்னிக்கு நான்... பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.”

எத்தனையோ பேரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். கடை வைத்திருப்பவனுக்கு அது சாப்பாடு மாதிரி. இது திட்டு இல்லை. மன்னித்துவிடுங்கள் என்பது வாய் வரை வந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இந்த நாலு வருடத்தில் ஒவ்வொரு முறை நான் போனபோதும் அந்தப் பட்டை “வாங் தம்பி, காபி குடிக்கறீங்களா?” என்று கேட்டதும், நான் குடித்ததும் ஞாபகத்துக்கு வந்தன.

தரணி நிமிர்ந்து பட்டையைப் பார்த்தான். பதறிப் போய் அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினான். “அம்மா, இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்குதும்மா. பேசும்மா. என்னையத் திட்டும்மா. அப்பாவத் திட்டு. எதாச்சும் சொல்லு. மாப்பிள்ளைக்குப் போன் போடட்டுமா? அவுருகிட்டச் சொல்றியா?”

அவர் அவனைப் பார்த்தார். பிறகு இடது கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியைத் தடவினார். ஒரு கையால் அதைக் கழற்றுவது கஷ்டம். உதவி செய்ய நான் நகரவில்லை. தானே கழற்றினார். என்னைக் கிட்டே வரும்படி கண்ணால் கூப்பிட்டார். போனேன். அதை என் கையில் வைத்தார்.

கழுத்தில் ஆறு வருடப் பட்டையின் தடம் வெளுப்பாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். பட்டை வந்த பிறகு அவர் தன் வாயால் பேச முயன்று நான் பார்த்ததே இல்லை. உதடு கோணியது, நாக்கு எங்கோ முட்டியது. “இ...” என்றார். மூச்சை இழுத்து மறுபடி, “இ... இ...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. வராது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. தரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பதினொன்று, பத்து, ஒன்பது என்று மிச்சமிருந்த நிமிடங்கள் எல்லாம் என் கையிலேயே ஓடித் தீர்ந்தன.